பனித்தரையில் களவும் கற்பும்

காதற் கதைக்கு இரண்டாம் பாகம் எழுதுவதைப் போலச் சங்கடமான வேலை எழுத்துத் துறையில் அதிகம் இல்லை. துப்பறியும் கதை எழுதுபவருக்கு இன்னொரு கொலை போதும். சரித்திரக் கதை எழுதுபவருக்கு இன்னொரு போர் கிடைத்துவிடும். காதற் கதைக்காரரின் நிலைமை வேறு. இருவர் சேர்வார்களா, மாட்டார்களா என்ற ஒரே கேள்வியில்தான் அவரது கதை முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது. சேர்ந்துவிட்டார்கள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியவுடன் அந்தக் கேள்வி தீர்ந்துபோகிறது. அதன்பின் அவர்கள் வாடகை கட்டினார்கள், சண்டை பிடித்தார்கள், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தபோது மற்றவர் கஞ்சி வைத்துக் கொடுத்தார் என்பதையெல்லாம் வாசிக்க யார் காசு கொடுப்பார்கள்?

கொடுக்கிறார்கள் என்பதை அண்மையில் ஒரு நூல் எனக்குக் காட்டியது. கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தைச் சேர்ந்த ரேச்சல் ரீட் என்ற எழுத்தாளர் 2022இல் வெளியிட்ட 'த லோங் கேம்' என்ற நாவல் அது. ஐஸ் ஹொக்கி வீரர்களைப் பற்றி அவர் எழுதிவரும் 'கேம் சேஞ்சர்ஸ்' என்ற காதற் கதைத் தொடரில் ஆறாவது நூல். இரண்டாவது நூலான 'ஹீற்றட் ரைவல்ரி' (2019) என்பதன் நேரடித் தொடர்ச்சி. அந்த இரண்டாவது நூலைத் தழுவி ஜேக்கப் டியர்னி இயக்கிய ஆறு அங்கத் தொலைக்காட்சித் தொடர் 2025 நவம்பர் 28 முதல் கனடாவின் கிரேவ் தளத்தில் ஒளிபரப்பாகிப் பெரும் பரபரப்பை உண்டாக்கியது. அடுத்த மாதமே இரண்டாம் பருவமும் அறிவிக்கப்பட்டது.

ஸ்காபரோவில் வசிக்கும் என் தங்கையின் மகள்தான் இரண்டு நூல்களையும் என் தலையில் கட்டினாள். "மாமா, நீங்கள் ஸ்போர்ட்ஸ் பக்கம் பார்த்த ஆள்தானே, இதை ஒருக்கால் வாசிச்சுப் பாருங்கோ" என்றாள். விளையாட்டுப் பக்கத்தை நான் பார்த்தது என் பத்திரிகை வாழ்வின் தொடக்கத்தில் சில ஆண்டுகள்தான். ஐஸ் ஹொக்கி பற்றி எழுத அப்போது யாருக்கும் அவசியம் ஏற்பட்டதில்லை. ஆனால் காதற் கதைகள் எனக்குப் புதியன அல்ல. பல்கலைக்கழகக் காலத்தில் மாணவியர் விடுதியில் பழைய நாட்காட்டித் தாளில் உறை போட்டுக் கைமாறிக்கொண்டிருந்த மில்ஸ் அன்ட் பூன் நூல்கள் எங்கள் பக்கத்துக்கும் வந்து சேர்ந்ததுண்டு. ஆங்கிலம் பழகவே வாசிக்கிறோம் என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டோம். அதில் ஓரளவு உண்மையும் இருந்தது.

அந்த மில்ஸ் அன்ட் பூன் 1908இல் லண்டனில் தொடங்கப்பட்ட நிறுவனம். 1949இல் கனடாவின் வின்னிபெக் நகரில் தொடங்கிய ஹார்லெக்வின் நிறுவனம் 1971இல் அதனை வாங்கியது. நான்கு ஆண்டுகள் கழித்து, ரொறன்ரோ ஸ்டார் நாளிதழை வெளியிடும் டோர்ஸ்டார் நிறுவனம் ஹார்லெக்வினின் பெரும்பான்மைப் பங்குகளைப் பெற்று, 1981இல் முழுமையாகத் தனதாக்கிக்கொண்டது. ஒரு தலைமுறைக்கு மேலாக அந்தப் பத்திரிகைக் குழுமத்தின் வரவுசெலவில் காதற் கதைகளும் ஒரு தூணாக நின்றன. பின்னர் 2014இல் டோர்ஸ்டார் ஹார்லெக்வினை 455 மில்லியன் கனேடிய டொலருக்கு விற்றது. 2020இல் டோர்ஸ்டாரே விற்கப்பட்டபோது, பத்திரிகைகள் அனைத்தும் சேர்த்து அதன் விலை 60 மில்லியன் டொலர். காதற் கதையைக் கீழான சரக்கு என்று சொல்லும் பத்திரிகை நண்பர்களுக்கு இந்த இரண்டு தொகைகளையும் அருகருகே எழுதிக் காட்டுவது என் வழக்கம். ரேச்சல் ரீட்டின் நூல்களை வெளியிட்ட கரீனா பிரஸ், அதே ஹார்லெக்வினின் ஒரு கிளைதான்.

விளையாட்டு வீரரை நாயகனாக்கும் காதற் கதைகளுக்கு இன்று ஆங்கிலத்தில் தனி அலமாரியே உண்டு. 1994இல் அமெரிக்க எழுத்தாளர் சூசன் எலிசபெத் பிலிப்ஸ், தந்தையிடமிருந்து சிக்காகோவின் அமெரிக்க உதைபந்தாட்ட அணியொன்றைச் சொத்தாகப் பெறும் பெண்ணையும் அந்த அணியின் பயிற்றுநரையும் வைத்து ஒரு நாவல் எழுதினார். அதிலிருந்து வளர்ந்த 'சிக்காகோ ஸ்டார்ஸ்' தொடர் முப்பது ஆண்டுகளாக நீள்கிறது. 2015இல் கனேடிய எழுத்தாளர் எல் கென்னடி பல்கலைக்கழக ஹொக்கி வீரர்களைக் கொண்டு தொடங்கிய 'ஓஃப் கம்பஸ்' தொடர் அந்த அலமாரியை ஐஸ் ஹொக்கியின் பக்கம் சாய்த்தது.

இத்தொடர்களுக்கு எழுதப்படாத விதியொன்று உண்டு. ஒரு நூலுக்கு ஒரு சோடி. அடுத்த நூலில் அதே அணியின் வேறொரு வீரர், வேறொரு காதல். முந்திய சோடி ஏதாவது விருந்தில், கைக்குழந்தையோடு ஒரு மூலையில் சிரித்துக்கொண்டு தோன்றி மறையும். அவர்கள் நலமாக இருக்கிறார்கள் என்று வாசகருக்குச் சான்றிதழ் கொடுப்பதே அந்தத் தோற்றத்தின் வேலை. ஏற்கெனவே சேர்த்துவைத்த சோடியைத் திரும்ப எடுத்து, அவர்கள் நலமாக இல்லை என்று எழுதுவது இந்த வியாபாரத்தில் ஆபத்தான காரியம். சந்தோஷமான முடிவு என்பது இவ்வகை நூல்களில் வாசகருக்குக் கொடுக்கப்பட்ட வாக்குறுதி. இரண்டாம் பாகம் எழுதுபவர் அந்த வாக்குறுதியில் கைவைக்கிறார்.

முதற் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஷேன் ஹொலண்டர் கனேடியர், தாய் ஜப்பானிய வழியினர், ஒட்டாவாவில் வளர்ந்தவர், மொன்றியல் அணியின் நட்சத்திரம். இல்யா ரொஸானொவ் மொஸ்கோவிலிருந்து வந்து பொஸ்டன் அணிக்கு ஆடுபவர். இருவரும் ஒரே காலத்தில் களத்துக்கு வந்தவர்கள். அணிகளும் லீக்கும் கற்பனை. ஆனால் மொன்றியலுக்கும் பொஸ்டனுக்கும் இடையிலான ஹொக்கிப் பகை ஒரு நூற்றாண்டு பழைமையான உண்மை. ஒரே பருவத்தில், 2005 ஒக்டோபரில், களமிறங்கி இரண்டு தசாப்தங்கள் ஒருவரோடொருவர் ஒப்பிடப்பட்ட சிட்னி குரொஸ்பியும் அலெக்சாண்டர் ஒவெச்கினும் வாசகர் நினைவுக்கு வராமல் இருக்கமுடியாது. நாவலில் இந்தப் பகைவர்கள் இருவரும் ஆண்டுக்கணக்கில், போட்டிகள் நடக்கும் நகரங்களின் ஹோட்டல் அறைகளில், யாருக்கும் தெரியாமல் சந்திக்கிறார்கள். உடலோடு தொடங்கியது மெல்ல மெல்ல மனதைத் தொடுகிறது. நியூயோர்க் அணித்தலைவர் ஒருவர் கிண்ணத்தை வென்ற இரவில், அரங்கமே பார்த்திருக்கத் தம் காதலனை முத்தமிடுகிறார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த அதிர்ச்சியில் இல்யா, ஷேனின் ஏரிக்கரை வீட்டுக்கு வரச் சம்மதிக்கிறார். அங்கே இருவரும் ஒரு திட்டம் போடுகிறார்கள். இல்யா ஒட்டாவா அணிக்கு மாறுவார். மொன்றியலிலிருந்து ஒட்டாவா இரண்டு மணிநேரப் பயணம்தான். இருவரும் சேர்ந்து ஒரு தொண்டு நிறுவனம் நடத்துவார்கள். பகைவர்கள் நண்பர்களானார்கள் என்று உலகம் பழகிக்கொள்ளும். மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதல் நூல் அந்த நம்பிக்கையில் முடிகிறது.

'த லோங் கேம்' தொடங்கும்போது அந்த 'பிறகு' இன்னும் வந்தபாடில்லை. அவர்களது உறவுக்குப் பத்து வயதாகிவிட்டது. ஷேனின் பெற்றோருக்கும் நெருங்கிய சிலருக்கும் தெரியும், மற்றபடி எல்லாம் இரகசியம். ஷேனுக்கு இந்த ஏற்பாட்டில் குறையொன்றும் தெரியவில்லை. அவர் அதே அணியில், அதே தலைமைப் பதவியில், ஒழுங்கு தவறாத உணவோடும் பயிற்சியோடும் வெற்றிகளைக் குவித்துக்கொண்டிருக்கிறார். இல்யாவின் கணக்கு வேறு. அவர் பொஸ்டனை விட்டார், வெல்லும் அணியை விட்டுத் தோற்கும் அணிக்கு வந்தார், பிறந்த நாட்டுக்குத் திரும்பும் வழியையும் கிட்டத்தட்ட இழந்தார். பன்னிரண்டு வயதில் தற்கொலையால் தாயை இழந்தவர் அவர். அந்தத் தாயின் பெயரில்தான் அவர்களது தொண்டு நிறுவனம் இயங்குகிறது. வேடிக்கைப் பேச்சும் குறும்புமாக எல்லோரையும் சிரிக்கவைக்கும் இல்யாவுக்குள் தாயின் நோய் மெல்லத் தலைகாட்டுகிறது. அவர் உளவள ஆலோசகரிடம் போகிறார். போவதை முதலில் ஷேனிடம்கூடச் சொல்வதில்லை.

நூலின் கனம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. காதலித்தார்களா என்ற கேள்வி போய், யார் எவ்வளவு விட்டுக்கொடுத்தார் என்ற கேள்வி வருகிறது. திருமணமாகி இருபது ஆண்டுகளான எவருக்கும் இந்தக் கேள்வியின் முள் எங்கே குத்தும் என்பது தெரியும். நல்லவரான ஒருவர், நேசிக்கும் ஒருவர், தன் வசதிக்காக மற்றவரின் மூச்சை மெல்ல மெல்லச் சுருக்கிக்கொண்டிருக்கிறார், அது தனக்கே தெரியாமல். ஷேனை வில்லனாக்காமல் இதை எழுதியிருப்பது ஆசிரியரின் திறமை.

வாசித்துக்கொண்டிருந்தபோது கலைப்பீடத்தில் பயின்ற தொல்காப்பியம் நினைவில் எழுந்துகொண்டேயிருந்தது. நம்முடைய அகப்பொருள் இலக்கணம் காதலை ஒரே கதையாகப் பார்க்கவில்லை. களவியல் ஒன்று, கற்பியல் ஒன்று என இரண்டு இயல்கள் வைத்தது. களவில் தலைவனும் தலைவியும் பிறரறியாது சந்திக்கிறார்கள். பகலில் கூடுமிடத்துக்குப் பகற்குறி என்றும் இரவில் கூடுமிடத்துக்கு இரவுக்குறி என்றும் பெயர். நாவலின் ஹோட்டல் அறைகளுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் களவு நீடிக்கக்கூடாது. நீடித்தால் தலைவி மெலிவாள், ஊர் பேசும். ஆகவே தோழி தலைவனை நெருக்குகிறாள், எப்போது மணம் செய்யப் போகிறாய் என்று. அதற்கு வரைவு கடாதல் என்று பெயர். வீட்டாருக்கு உண்மையை முறையாக வெளிப்படுத்துவது அறத்தொடு நிற்றல். இறையனார் அகப்பொருள் இன்னும் ஒருபடி மேலே போய், களவுக்குக் காலவரையறையே விதிக்கிறது. இரண்டு திங்களுக்கு உட்பட்டதே களவு என்பது அதன் கணக்கு.

ஷேனும் இல்யாவும் பத்து ஆண்டுகள் களவில் இருக்கிறார்கள். அந்த நீட்சியின் நோயைத்தான் நூல் முழுவதும் பார்க்கிறோம். தொல்காப்பியர் சொன்ன தலைவனும் தலைவியும் ஆணும் பெண்ணும் என்பதை நான் மறக்கவில்லை. இரண்டு ஆண்களுக்கு அந்த இலக்கணம் இடம் வைக்கவில்லை. ஆயினும் மறைவு நீளும்போது மறைக்கப்படுபவர் மெலிகிறார் என்ற அதன் அடிப்படை அறிவு இங்கே வரிக்கு வரி பொருந்துகிறது. முதல் நூலைக் களவியல் என்றால் இரண்டாவது நூல் வரைவு கடாதலில் தொடங்கிக் கற்பில் போய் நிற்கிறது. காதற் கதைக்கு இரண்டாம் பாகம் இருக்கமுடியுமா என்ற கேள்விக்குப் பழந்தமிழர் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றியது.

அகப்பாடல்களில் இன்னொரு பாத்திரம் உண்டு. பெயரில்லாத பாத்திரம், ஊர். அரைகுறையாக முணுமுணுத்தால் அம்பல், வெளிப்படையாகப் பேசினால் அலர். இந்த நாவலில் அந்த வேடத்தை எடுப்பது நம் தொழில். வட அமெரிக்காவில் ஆட்டம் முடிந்ததும் பத்திரிகையாளர் உடைமாற்றும் அறைக்குள்ளேயே போய் வீரர்களைப் பேட்டி காணும் மரபு உண்டு. கிரிக்கெட் வீரர்களை மேசைக்கு அப்பால் இருத்திக் கேள்வி கேட்டுப் பழகிய எமக்கு அது விநோதமாகத் தெரியும். வியர்வை காயாத ஒருவரிடம் மைக்கை நீட்டி, இன்று உங்கள் பரம எதிரியைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அந்த எதிரியோடு காலையில் தேநீர் குடித்தவர் அவர். பத்து ஆண்டுகளாக அதற்கு ஒரே பொய்யைப் பல சொற்களில் சொல்லிவருகிறார். கேள்வி கேட்பவரின் பக்கத்தில் வாழ்நாளைக் கழித்த எனக்கு, பதில் சொல்பவரின் களைப்பை இந்நூல் காட்டியது. கடைசியில் இரகசியம் உடைவதும் அவர்கள் விரும்பிய நாளில், விரும்பிய விதத்தில் நடக்கவில்லை. அலர் முந்திக்கொள்கிறது.

இதெல்லாம் மிகையா என்று கேட்பவர்களுக்குச் சில உண்மைகள். வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக் 1917இல் தொடங்கியது. நான் இதை எழுதும் வரையில், அதில் ஆடிக்கொண்டிருக்கும் காலத்தில் தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று அறிவித்த வீரர் ஒருவர்கூட இல்லை. நாஷ்வில் அணியின் ஒப்பந்தத்தில் இருந்த லூக் புரொகொப் 2021 ஜூலையில் துணிந்து அறிவித்தார். அப்போது அவர் லீக்கின் ஆட்டம் எதிலும் இறங்கியிராத இளைஞர். மற்ற விளையாட்டுகளிலும் பட்டியல் குறுகியதுதான். இங்கிலாந்தின் கால்பந்து வீரர் ஜஸ்டின் ஃபஷானு 1990இலும், இங்கிலாந்தின் விக்கெட் காப்பாளர் ஸ்டீவன் டேவிஸ் 2011இலும், அமெரிக்கக் கூடைப்பந்தாட்ட வீரர் ஜேசன் கொலின்ஸ் 2013இலும் அறிவித்தார்கள். ஹொக்கி லீக்கிலோ 2023 ஜனவரியில் ரஷ்ய வீரர் ஒருவர் ஆதரவுச் சின்னம் பொறித்த பயிற்சிச் சட்டையை அணிய மறுத்தார். வேறு சிலரும் மறுத்தனர். ஜூன் மாதத்தில் லீக் அத்தகைய சட்டைகளையே நிறுத்தியது. ஒக்டோபரில் மட்டைகளில் வானவில் நிற நாடா சுற்றுவதையும் தடைசெய்து, எதிர்ப்புக் கிளம்பிய பின் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது.

இல்யாவின் ரஷ்யா பற்றியும் சொல்லவேண்டும். 2013 ஜூனில் அங்கே 'பிரசாரத் தடைச் சட்டம்' வந்தது. எட்டு மாதங்கள் கழித்து சோச்சியில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. முதல் நூலில் அந்த ஒலிம்பிக் இடம்பெறுகிறது. இரண்டாம் நூல் வெளிவந்த 2022இன் இறுதியில் அந்தச் சட்டம் வயது வந்தோருக்கும் விரிவாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு நவம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் அப்படியொரு 'சர்வதேச இயக்கத்தை'த் தீவிரவாதம் என்று தீர்த்தது. கதையில் இல்யா வீடு திரும்பமுடியாதவர் என்று ஆசிரியர் எழுதியதைக் காலம் மேலும் இறுக்கிவிட்டது. கனேடியக் குடியுரிமைக்காக அவர் காத்திருப்பதை வாசிக்கும்போது, அதே நாட்டில் அதே தாளுக்காகக் காத்திருந்த நம்மவர்களை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. காரணங்கள் வேறு. ஒரு விமானத்தில் ஏறினால் திரும்பிப் போகமுடியாது என்ற அந்த அறிவு ஒன்றுதான்.

ரஷ்யாவைக் குறைசொல்லும் முன் எமது சட்டப் புத்தகத்தையும் திறக்கவேண்டும். 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 365, 365 அ என்ற பிரிவுகளை எழுதிவைத்துவிட்டுப் போனவர்கள் ஆங்கிலேயர். பிரித்தானியா தன் நாட்டில் அத்தகைய சட்டங்களைக் கைவிட்ட பின்னரும், நாம் 1995இல் திருத்தம் கொண்டுவந்து பெண்களையும் அதற்குள் சேர்த்துக்கொண்டோம். அவற்றை நீக்கும் தனிநபர் சட்டமூலமொன்று அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சட்டத்துக்கு வெளியே மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதே எனக்கு முக்கியம்.

நாவலில் ஒரு கட்டம். ஒட்டாவா அணியை ஏற்றிச் சென்ற விமானம் வானில் பழுதாகி அவசரமாகத் தரையிறங்க வேண்டியிருக்கிறது. உள்ளே இருக்கும் இல்யா, இதுவே முடிவு என்றெண்ணி ஷேனுக்குச் செய்தி அனுப்புகிறார். செய்தி பெற்றவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். யாரைக் கேட்பது? எந்த உரிமையில் கேட்பது? விமானத்தில் இருந்தவர்களின் மனைவியருக்கும் பெற்றோருக்கும் தொலைபேசி அழைப்புப் போகும். எதிரணித் தலைவருக்கு யார் அழைப்பார்கள்? போர்க்காலத்தில் செய்தி மேசையில் இருந்தவன் நான். இறந்தவரின் பெயரை உறவினருக்கு அறிவித்த பின்பே அச்சிடுவது எங்கள் நியதி. உறவினர் யார் என்பதை ஒரு பட்டியல் தீர்மானித்தது. தாய், தந்தை, மனைவி, கணவன், பிள்ளை, சகோதரர். அந்தப் பட்டியலில் இடமில்லாதவர்கள் எங்கோ ஒரு தேநீர்க்கடையில் பத்திரிகையைப் பார்த்துத்தான் அறிந்திருப்பார்கள். இந்தக் கட்டத்தை வாசித்த இரவு நான் நூலை மூடிவைத்துவிட்டேன். மீண்டும் எடுக்க இரண்டு நாட்கள் ஆயின.

காரணம், ஒருவரை எனக்குத் தெரியும். பெயர், ஊர், ஆண்டு எதுவும் எழுதப்போவதில்லை. கரப்பந்தாட்டக்காரர். வலைக்கு மேல் அவர் எழும்பினால் மைதானத்தின் பின்வரிசையில் சைக்கிள்களில் ஏறி நிற்பவர்களுக்கும் முகம் தெரியும். நான் விளையாட்டுப் பக்கம் பார்த்த நாட்களில் அவருடைய படம் இரண்டு மூன்று தடவை எங்கள் பத்திரிகையில் வந்தது. திருமணம் செய்யவில்லை. முதலில் அம்பல், பிறகு அலர். ஒரு பருவத்தில் மைதானத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். அடுத்த ஆண்டு வெளிநாடு போய்விட்டார் என்றார்கள். பல ஆண்டுகள் கழித்து அவரது மரண அறிவித்தல் எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. ஒப்புநோக்குநர் விடுமுறையில் இருந்ததால் அந்தப் பக்கம் அன்று என் மேசைக்கு வந்தது. இன்னார் தம்பதிகளின் அன்பு மகனும், இன்னாரின் பாசமிகு சகோதரரும், இன்னாரின் மைத்துனரும், இன்னாரின் சித்தப்பாவும், மாமாவும் என்று நமது வழக்கப்படி நீண்ட அறிவித்தல். அவர் வெளிநாட்டில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவரோடு சேர்ந்து வாழ்ந்தார் என்பதும், கடைசி நாட்களில் மருத்துவமனையில் பக்கத்தில் இருந்தவர் அவரே என்பதும் பின்னர் ஒரு நண்பர் மூலம் எனக்குத் தெரியவந்தது. அறிவித்தலில் தொடர்புகளுக்கு என்று கொடுக்கப்பட்ட இலக்கங்கள் ஐந்து. ஒன்றும் அவருடையது அல்ல. நமது மரண அறிவித்தலில் எத்தனையோ உறவுமுறைகளுக்குச் சொற்கள் உண்டு. சம்பந்தியின் சகோதரருக்குக்கூட ஓர் இடம் உண்டு. அந்த மனிதருக்கு ஒரு சொல் இல்லை.

நூலில் குறைகள் உண்டு. படுக்கையறைக் காட்சிகள் ஏராளம். இவ்வகை நூல்களின் வாசகர்கள் அதை எதிர்பார்க்கிறார்கள் என்கிறாள் மருமகள். நான் பக்கங்களைப் புரட்டிக்கொண்டு போனேன். லீக்கின் தலைவர் முழுக் கறுப்பில் தீட்டப்பட்டிருக்கிறார். உண்மையான நிர்வாகிகள் இவ்வளவு வெளிப்படையாகத் தீங்கு செய்வதில்லை. அவர்கள் குழு அமைப்பார்கள், அறிக்கை விடுவார்கள், பொருத்தமான நேரம் வரட்டும் என்பார்கள். நடுப்பகுதி சற்று நீளம், ஒரே வாக்குவாதம் மூன்று இடங்களில் வருகிறது. இறுதியில் எல்லாம் மிகச் சுமுகமாகக் கூடிவருகிறது. ஆனாலும் அந்தச் சுமுகத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. வாழ்க்கை தராததைத் தருவதாகச் சொல்லித்தானே இந்த வகை நூல்கள் விற்கப்படுகின்றன?

ஒரு நாள் தொலைபேசியில் மருமகளிடம் கேட்டேன், தமிழ்ப் பெண்பிள்ளையான உனக்கு இந்த இரண்டு ஆண்களின் கதையில் என்ன கிடைக்கிறது என்று. சிறிது நேரம் யோசித்தாள். "முதல் புத்தகத்தில ரெண்டு பேரும் சேருவினமோ எண்டுதான் பார்த்தனான் மாமா. ரெண்டாவதில இல்யா டொக்டரிட்டப் போவானோ, போனதை ஷேனுக்குச் சொல்லுவானோ எண்டு பார்த்தனான்" என்றாள். பிறகு, "எங்கட வீட்டில ஒருத்தரும் அப்பிடிச் சொல்லுறேல்லைத்தானே" என்று சேர்த்துக்கொண்டாள். தங்கையின் கணவர் சில ஆண்டுகளுக்கு முன் பல மாதங்கள் வேலைக்குப் போகாமல் இருட்டறையில் படுத்திருந்தது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். சீனி வருத்தம் என்றுதான் வெளியில் சொன்னோம். அவள் அதைத்தான் குறிப்பிட்டாள் என்பது எனக்கு விளங்கியது. இருவரும் அதைப் பற்றி மேலே பேசவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு அவளே மீண்டும் அழைத்து, இந்தமுறை அப்பாவைப் பற்றி அரைமணி நேரம் பேசினாள்.

தொலைக்காட்சித் தொடரின் இரண்டாம் பருவம் இந்த நூலைத் தழுவியே வரும் என்று அதன் இயக்குநர் சொல்லியிருக்கிறார். தொடரைப் பார்க்க எண்ணுபவர்கள் நூல்களை முதலில் வாசித்துவிடுவது நல்லது. வரிசையாக ஆறையும் வாசிக்கவேண்டியதில்லை. இரண்டாவதும் ஆறாவதும் போதும். முதலாவதில் வரும் நியூயோர்க் அணித்தலைவரின் கதையைத் தெரிந்துகொண்டால் இன்னும் தெளிவாக விளங்கும். வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால், நீங்கள் வாசிப்பதை அவர்கள் காணும்படி வாசியுங்கள். நாட்காட்டித் தாளில் உறை போடத் தேவையில்லை.